ஒன்னு பேசுறேன்

ஸ்டேஷன் அக்கா என்றால் அந்த ஊர் டாக்ஸிக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். தெரியாதவர்கள் ஏதோ போலீஸ் ஸ்டேஷனில் வேலை பார்க்கிற பெண்மணி என்று நினைத்து ஓரடி தள்ளி நிற்பார்கள். அவளும் அதை மறுக்கமாட்டாள். கடையில் வரிசையில் நிற்கும்போது அந்த மரியாதை உதவியது. உண்மையில் அவள் உட்கார்ந்திருந்த இடம் அண்ணனுடைய டாக்ஸி கம்பெனியின் பின்பக்கம், டயர் அடுக்கிய அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவே, ஒற்றை ஜன்னல் வைத்த ஓர் அறை. ஒரு மேசை, ஒரு ரேடியோப் பெட்டி, கழுத்து வளைந்த ஒரு மைக், சுவரில் ஊர் வரைபடம், உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் பள்ளம் விழுந்த நாற்காலி. கம்பெனியின் எல்லா வண்டிகளுக்கும் அங்கிருந்துதான் குரல் போகும், ரேடியோவில் அந்த அறைக்கு ஸ்டேஷன் என்று பெயர்.

செல்போன் வந்த பிறகும் இந்த டப்பா எதற்கு என்று கேட்காத ஆள் கிடையாது. போனில் பேசினால் ஒருவனுக்குத்தான் கேட்கும்; ரேடியோவில் பேசினால் அத்தனை வண்டிக்கும் ஒரே நேரத்தில் கேட்கும். மேம்பாலத்தில் லாரி கவிழ்ந்து கிடக்கிறது என்று ஒருத்தன் சொன்னால் போதும், மற்றவர்கள் வண்டியைத் திருப்பிவிடுவார்கள். ஒருத்தனுக்கு டயர் பஞ்சரானால் பக்கத்தில் இருப்பவன் தானாகவே போய் நிற்பான். சண்டையும் எல்லார் காதிலும்தான் நடக்கும். அதனால் சண்டை சீக்கிரம் முடிந்துவிடும்.

அந்த அலைவரிசையில் யாருக்கும் பெயர் கிடையாது, நம்பர்தான். முதலாளியான அண்ணன் ஒன்று. காலையில் அவர் கரகரத்த குரலில் “ஒன்னு பேசுறேன்” என்று சொன்ன பிறகுதான் மற்றவர்கள் வாயைத் திறப்பார்கள். அப்படி யாரும் சட்டம் போடவில்லை, பழகிப்போனது. டிரைவர்களில் ஏழு மட்டும் சரியான வாயாடி. அவளுக்கு ஸ்டேஷன் அக்கா என்று பெயர் வைத்தவனும் அவன்தான். வீட்டில் அவள் கணவர், பஸ் டிப்போவில் மெக்கானிக், அவர் பங்குக்குக் கேலி செய்வார். சண்டை சூடுபிடிக்கிற நேரத்தில் தன் பெண்டாட்டி ரேடியோவில் பேச்சை முடிக்கிற மாதிரி ‘ஓவர் அண்ட் அவுட்’ என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்துவிடுவாள், அதற்குப் பிறகு தான் கத்துவது சுவருக்குத்தான் கேட்கும் என்பார்.

அவள் அந்த நாற்காலிக்கு வந்ததே ஒரு கூத்து. முன்பு மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று வேலையை விட்டு நின்றுவிட்டார். ரெண்டு நாளைக்கு வந்து உட்கார் என்று அண்ணன் கூப்பிட்டார். அந்த ரெண்டு நாள் முடியவே இல்லை. அவள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய், கல்லூரி போய், வேலைக்கும் போய்விட்டார்கள்; அவள் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். எந்தத் தெருவில் எப்போது தண்ணீர் தேங்கும், எந்த டிரைவர் பசியெடுத்தால் எரிந்து விழுவான், எந்தக் கிழவருக்குப் படியிறங்கக் கை கொடுக்க வேண்டும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அண்ணன் கெட்டவர் இல்லை. தங்கைக்குக் கல்யாணம் செய்து வைத்தவர், அவள் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் முதலில் வந்து நின்றவர். ஆனால் ‘நான்’ என்கிற சொல் அவர் வாயில் அப்படி ஒரு குடித்தனம் நடத்தியது. நான் ஒத்தை வண்டியில் ஆரம்பித்தேன், நான் ராப்பகலாக ஓடினேன், நான் இல்லையென்றால் இந்த ஊரில் டாக்ஸியே இல்லை. ஆற்றுப் பாலம் விரிசல் விட்டு மூடிய அன்று, ஆஸ்பத்திரிக்கு ரத்தம் சுத்திகரிக்கப் போகவேண்டிய நோயாளிகளைச் சந்து சந்தாகச் சுற்றவைத்து நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது அவள் குரல். அன்று அவளால் சாப்பிடக்கூட முடியவில்லை, தொண்டை கட்டிப்போயிற்று. மறுநாள் பேப்பரில் அண்ணன் படம் வந்தது. யாரோ வாழ்த்த வந்தவர் தங்கையைப் பற்றி விசாரிக்க, மைக்கில் பேசப் பெரிய படிப்பா வேண்டும், வாய் இருந்தால் போதும் என்று அண்ணன் சிரித்தார். அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து கணவரிடம் பொரிந்து தள்ளினாள்.

“ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நல்லா பண்ணேன்னு சொன்னா அவர் வாய்ல இருக்கிற முத்தா உதிர்ந்துடும்?”

 அந்தக் கேள்வி அதற்கு முன்பும் பலமுறை கணவர் காதில் விழுந்திருக்கிறது.

அப்படி இருக்கும்போதுதான் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் இழுத்துவிட்டது. உயிர் பிழைத்தார், புத்தி தெளிவாகவே இருந்தது, ஆனால் பேச்சு போய்விட்டது. பிறகு மெல்ல மெல்ல ஒவ்வொரு சொல்லாகத் திரும்பி வந்தது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஒரு வாய் டீ குடித்துவிடலாம். அலைவரிசையில் காலையில் ஒன்றின் குரல் வரவில்லை. டிரைவர்கள் காத்திருந்து பார்த்தார்கள். கடைசியில் அவளே, “ஸ்டேஷன் பேசுறேன், எல்லாரும் வண்டிய எடுங்க” என்றாள். அதிலிருந்து கம்பெனி மொத்தமும் அவள் தலையில்தான். வண்டியைப் பழுதுபார்க்க அனுப்புவதும் அவள்தான், சம்பளம் போடுவதும் அவள்தான், புது ஆளை எடுப்பதும் அவள்தான். சாயங்காலம் போய் அண்ணன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொல்வாள். அவர் மேல்கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொள்வார்.

இந்த நேரம் பார்த்து ஊருக்குள் புதிதாக வந்திருந்த ஒரு பெரிய டாக்ஸி கம்பெனிக்கு மூக்கு வியர்த்தது. அவர்களுக்கும் ஓர் அலைவரிசை வேண்டும். ஊரில் காலியாக ஒன்றும் இல்லை. யாரிடமிருந்தாவது வாங்கினால்தான் உண்டு. அண்ணியிடம் ஆள் அனுப்பினார்கள். அண்ணிக்கும் அது நியாயமாகவே பட்டது. படுத்த படுக்கையாக இருக்கிற மனிதருக்கு எதற்குக் கம்பெனி? ஆனால் அண்ணன் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். கம்பெனி தங்கச்சிக்கு என்றார். செய்தி கேட்டு அவள் தலைகால் புரியாமல் ஓடினாள். கட்டிலருகே போய் நின்றதும் அவர் அண்ணியிடம் காரணத்தையும் சொன்னார்.

“அவளுக்கு… வேற போக்கிடம்… இல்ல.”

அவள் முகம் செத்துப்போயிற்று. கொடுக்கிறார், அதுவும் மனதார. ஆனால் தகுதி என்று கொடுக்கவில்லை, பாவம் என்று கொடுக்கிறார். வாங்கிக்கொண்டாள். வேறு என்ன செய்வாள்? சொன்னதும் பொய்யில்லையே, ஐம்பது வயதுக்குமேல் அவளுக்கு அந்த மைக்கைத் தவிர வேறு எந்த வேலை தெரியும்?

இனி அந்த விதியைச் சொல்லிவிடுகிறேன், அதுதான் எல்லாவற்றுக்கும் மூலம். காரை விற்கலாம், கட்டடத்தை விற்கலாம், அலைவரிசையை அப்படி விற்கவோ கொடுக்கவோ முடியாது. அது அரசாங்கத்தினுடையது, பயன்படுத்திக்கொள் என்று ஒருவர் பெயரில் உரிமம் தருகிறார்கள், அவ்வளவுதான். உரிமத்தை இன்னொருவர் பெயருக்கு மாற்ற வேண்டுமென்றால் முதலில் மனுப் போட்டுக் கேட்க வேண்டும். அவர்கள் சரி என்று சொல்கிற வரைக்கும் பழைய ஆள்தான் நிறுவனத்தை நடத்த வேண்டும். பேருக்கு இருந்தால் போதாது, உண்மையாகவே அவர்தான் நடத்த வேண்டும். அனுமதி வருவதற்கு முன்னாலேயே புது ஆள் நாற்காலியில் ஏறிவிட்டது தெரிந்தால் மனுவைத் தூக்கி எறிவார்கள், உரிமமும் ரத்தாகும். நோயில் விழுந்தவருக்கு விலக்கு உண்டு, அதையும் முன்கூட்டியே எழுதிக் கேட்டிருக்க வேண்டும். இந்தக் குடும்பத்தில் யாருக்கு அது தெரியும்? அண்ணன் விழுந்த அன்று எல்லாரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதுகொண்டிருந்தார்கள்.

மனுவைக் கொடுத்த மறுநாள் காலை. அவள் வந்து நாற்காலியில் உட்கார்ந்து பெட்டியை முடுக்கினாள். வாயைத் திறப்பதற்குள் ஏழு முந்திக்கொண்டான். இன்று முதல் நம் அக்காதான் ஒன்று, எல்லாரும் வணக்கம் சொல்லுங்கள் என்று அறிவித்துவிட்டான். சொல்லி வைத்தாற்போல் வண்டி வண்டியாகக் குரல் வந்தது. காலை வணக்கம் ஒன்னு, காலை வணக்கம் ஒன்னு. சிடுமூஞ்சி பன்னிரண்டு கூடச் சொன்னான். யாரோ ஹாரனை வேறு அமுக்கினார்கள். அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. சும்மா இருங்கடா என்று அடக்கியிருக்க வேண்டும். அடக்கவில்லை. மைக்கைக் கிட்டே இழுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஒன்னு பேசுறேன்” என்றாள்.

மனுஷிதானே! எத்தனை வருஷத்து ஆசை. ஆனால் ரேடியோவில் பேசினால் எல்லாருக்கும் கேட்கும் என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்த எல்லாரில் பெரிய கம்பெனியின் ஆளும் இருந்தான். கண்கொத்திப் பாம்பாக அவன் அந்த அலைவரிசையைக் கேட்டுக்கொண்டிருந்தான். பதிவும் செய்துவிட்டான். அனுமதி வரும் முன்பே தங்கை முதலாளியாகிவிட்டாள், அவள் வாயாலேயே சொல்கிறாள், கேளுங்கள் என்று உரிமம் தருகிற அலுவலகத்தில் ஆட்சேபம் கொடுத்துவிட்டார்கள். விசாரணைக்கு வரச்சொல்லி ஓலை வந்தபோது அவள் அதை இரண்டு தடவை படித்தாள். மனு தோற்றால் அலைவரிசை அந்தக் கம்பெனிக்குப் போகும். டிரைவர்களை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். டயர் அறைக்குப் பக்கத்து அறையை யார் எடுப்பார்கள்? ஏழு நேரில் வந்து நின்று, தன் கன்னத்தில் தானே போட்டுக்கொண்டான். அவனைத் திட்டக்கூட அவளுக்கு மனம் வரவில்லை.

வக்கீல் ஒருவரைப் பிடித்தார்கள். நல்ல மனிதர், கறாரானவர். ஒன்று என்று கூப்பிட்டது டிரைவர்களின் விளையாட்டு, அதை அப்படியே சொல்லிவிடலாம், பயப்பட வேண்டாம் என்றார். முக்கியமான கேள்வி ஒன்றுதான்: நிறுவனத்தை யார் நடத்துகிறார்கள்? அண்ணன் வீட்டுக்கே வந்து, கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லிக்கொடுத்தார். ஏன் என்று அண்ணன் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை; ஆனால் பதில் சொல்வதில் அவருக்கு ஒரு சிரமமும் இல்லை. கேள்வி முடிவதற்குள் “நான்” என்று கணீரென்று வந்தது. பக்கவாதம் எத்தனையோ சொற்களைத் தின்றிருந்தது, அந்த ஒரு சொல்லைத் தொடவில்லை. அண்ணிகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்துவிட்டாள். வக்கீலின் கவலையெல்லாம் தங்கையைப் பற்றித்தான். வாசலில் அவளைத் தனியாக நிறுத்தினார்.

“நீங்க மைக்ல பேசுற வேலைய பாக்குறீங்க. அண்ணன் சொல்றத செய்றீங்க. இதுக்கு மேல ஒரு வார்த்த பேசக்கூடாதும்மா. சரியா?”

சரி என்றாள். உனக்குக் கிடைக்க வேண்டுமானால் நீ ஒன்றுமே இல்லை என்று நீயே சத்தியம் செய்ய வேண்டும். நல்ல விதி இது என்று நினைத்துக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு இதையும் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தாள். இத்தனை வருஷம் சொல்லாமலே ஒத்துக்கொண்டதுதானே.

விசாரணை அறை குளிர்ந்து கிடந்தது. நீள மேசை, தண்ணீர் ஜாடி, ஒலிபெருக்கி ஒன்று. விசாரணை அதிகாரி வயதானவர், ஜலதோஷக்காரர், கைக்குட்டையும் கையுமாக இருந்தார். அண்ணனைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து அவளுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். பெரிய கம்பெனியின் ஆள் எழுந்து பதிவை ஓடவிட்டான்.

வணக்கங்கள் வரிசையாக வந்தன. ஹாரன் வந்தது. பிறகு அவள் குரல்: “ஒன்னு பேசுறேன்.” அவளுக்குக் கூசிப்போயிற்று. அண்ணன் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது. அவருடைய நம்பர் அது. அவர் உயிரோடு இருக்கும்போதே எடுத்துப் போட்டுக்கொண்டாள் என்றல்லவா நினைப்பார்?

பதிவு அங்கேயே நின்றிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும். இன்னும் இருக்கிறது, இந்த அம்மா எப்படி அதிகாரம் செய்கிறார் என்று கேளுங்கள் என்று கம்பெனி ஆள் ஓடவிட்டான். அந்தக் காலை முழுவதும் அதில் இருந்தது. ரயிலைப் பிடிக்க வேண்டிய குடும்பத்துக்கு ஒரு வண்டியைத் திருப்புகிறாள். பள்ளிக்கூடத் தெருவில் குழி தோண்டியிருக்கிறார்கள் என்று எச்சரிக்கிறாள். பன்னிரண்டும் நான்கும் ஒரே சவாரிக்கு அடித்துக்கொள்ள, இரண்டே வாக்கியத்தில் இருவரையும் சிரிக்கவைக்கிறாள். கண் அறுவைச் சிகிச்சைக்குப் போகிற அம்மாளுக்குப் பயம், மெதுவாக ஓட்டு, ஏதாவது பேசிக்கொண்டே போ என்று ஏழிடம் சொல்கிறாள். ஒரு பக்கம் இதெல்லாம் நடக்கும்போதே இன்னொரு பக்கம் யாருக்கோ பிரேக் ஆயில் வாங்க ஆள் அனுப்புகிறாள்.

அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார். இந்தக் குரலை அவர் அதற்கு முன் கேட்காதவரா என்றால், கேட்டவர்தான். ஆனால் எப்போதும் அவரும் நடுவில் பேசிக்கொண்டே இருப்பார். வாய் பேசும்போது காதுக்கு என்ன வேலை? பேச முடியாமல் உட்கார்ந்து, தங்கை வேலை செய்வதை முழுசாகக் கேட்டது அன்றுதான். இடக்கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

பதிவு முடிந்தது. டிரைவர்கள் விளையாட்டாகச் சொன்னது என்று வக்கீல் விளக்கினார். அதிகாரி தலையசைத்துக்கொண்டார், அவருக்கும் அதை நம்பத்தான் விருப்பம் என்று தோன்றியது. மூக்கைத் துடைத்துக்கொண்டு அண்ணன் பக்கம் குனிந்தார்.

“பெரியவரே, கம்பெனிய யார் நடத்துறாங்க?”

வக்கீல் பேனாவை மூடி சட்டைப்பையில் செருகினார். இந்தப் பதில் அவருக்கு மனப்பாடம். அண்ணன் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தார்.

“அவ… தான்.”

வக்கீலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதிகாரிக்கும் சங்கடமாகிவிட்டது. நல்ல மனிதர், வழி விட்டார். அதாவது நீங்கள் சொல்லிக்கொடுக்கிறீர்கள், தங்கை அதன்படி செய்கிறார், அப்படித்தானே என்று பதிலையே கேள்வியாக்கிக் கையில் கொடுத்தார். ஆமாம் என்று தலையை அசைத்தால் போதும். அண்ணன் அசைக்கவில்லை. நல்ல கையை நாற்காலியின் பிடியில் ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக இழுத்துப் போட்டார்.

“இல்ல. எல்லாம்… அவதான். எப்பவும்… அவதான். நல்லா… பண்ணுவா. நான்… சும்மா… பேருக்கு.”

 கம்பெனி ஆள்கூட மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வக்கீல் அவள் காதருகே குனிந்தார். பாசத்தில் சொல்கிறார், முதலாளி அவர்தான் என்று சொல்லுங்கள், இன்னும் கெட்டுப்போகவில்லை என்று கிசுகிசுத்தார். உண்மையும் அதுதான், இன்னும் கெட்டுப்போகவில்லை. அதிகாரி அவளைப் பார்த்து, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஒரு பாதி விழுந்து கிடந்தது. மறுபாதி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது, சரியாகச் சொன்னேனா என்று கேட்பதுபோல.  எத்தனை வருஷம் காத்திருந்து காதில் விழுந்த சொல். அதை அவள் வாயாலேயே இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் அறை அவளுடையது, மைக் அவளுடையது, அலைவரிசை அவளுடையது.

“அண்ணன் சொல்றது உண்மைதான் சார்” என்றாள். “நான்தான் நடத்துறேன்.”

அதிகாரி எழுதிக்கொண்டார். எழுதி முடித்து, உத்தரவு தபாலில் வரும் என்று சொல்லிவிட்டு, எழுந்து போகும்போது அவளுக்குக் கை கூப்பிவிட்டுப் போனார்.

படியிறங்கும்போது வக்கீல் அடக்கமாட்டாமல் சொல்லிவிட்டார். மனு போச்சு, உரிமமும் போகும், உங்களை மாதிரி ஒரு கட்சிக்காரரை நான் பார்த்ததே இல்லை என்றார். கோபமாகச் சொல்லத்தான் ஆரம்பித்தார், பாதியில் குரல் இறங்கிவிட்டது. அவள் நன்றி சொன்னாள். அண்ணனை முன்னாலேயே வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள், இது எதுவும் அவர் காதில் விழவில்லை.

ஏழுதான் வண்டி கொண்டுவந்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, கேட்காமல் கதவைத் திறந்துவிட்டான்.  வண்டியில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. அவள் இடத்தில் தற்காலிகமாக உட்கார்ந்திருந்த டிரைவர் ஒருவன் இரண்டு வண்டிகளை ஒரே வாசலுக்கு அனுப்பிவிட்டு விழித்துக்கொண்டிருந்தான். மற்ற நேரமாக இருந்தால் ஏழின் மைக்கைப் பிடுங்கிச் சரிசெய்திருப்பாள். பின் இருக்கையில் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். துக்கமா சந்தோஷமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் இருந்தது.

அண்ணன் நல்ல கையை நீட்டி அவள் தலையைத் தட்டினார். அவருக்கு அன்று பெரிய வேலை ஒன்றை முடித்த களைப்பு. முகத்தின் பாதியில் பழைய பெருமை தெரிந்தது.

“நான்… சொல்லலேன்னா… உனக்கு… குடுத்திருக்க மாட்டாங்க.”

“ஆமாண்ணா” என்றாள் அவள். “குடுத்திருக்கவே மாட்டாங்க.”